கூரை மேல் கூகை



ஈப்போவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த நமக்கு, ஆந்தையின் அலறலைக் கேட்டால் இன்றும் நெஞ்சு திக்கென்கிறது. லயத்துக் கூரையில் அது கத்தினால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்பார்கள் பெரியவர்கள். சாக்குருவி என்று பெயர் வைத்தோம், கல்லெடுத்து விரட்டினோம். மலாய்க்காரர்களும் ஆந்தையைப் 'பூரோங் ஹந்து', அதாவது பேய்ப் பறவை என்றே அழைக்கிறார்கள். சற்று எண்ணிப் பாருங்கள். நோயாளி கிடக்கும் வீட்டில்தான் நாம் இரவெல்லாம் விழித்திருக்கிறோம். அலறலும் காதில் விழுகிறது. நன்றாக உறங்கிய இரவுகளில் அது கத்தவில்லை என்று யார் கண்டது?

வெற்றிலை போன்ற வெள்ளை முகமுடைய கூகையைப் பற்றித்தான் பேசுகிறோம். பேராக்கில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது எலிக்கு யோகம் பிறந்தது. ஆண்டு முழுதும் பழம்! குலையில் ஏறிக் கொறிக்கும். உதிர்ந்ததை மட்டைக் குவியலுக்குள் இழுத்துப்போய்த் தின்னும். எலி பெருகிய தோட்டத்தில் எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை நட்டமாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

எலியைத் தேடிக் கூகையும் வந்தது. தீபகற்பத்தில் முன்பு அரிதாயிருந்த இப்பறவை குஞ்சு பொரித்ததாக முதன்முதலில் பதிவானது 1968இல், ஜொகூரில். பின்னர் செம்பனை பரவிய வழியே அதுவும் பரவியது.

இதற்குக் கூடு கட்டத் தெரியாது, பொந்து வேண்டும். செம்பனையில் பொந்து ஏது? அதனால்தான் கம்பத்தின் மேல் பெட்டி வைக்கிறார்கள், ஏறத்தாழ 10 ஹெக்டருக்கு ஒன்றாக. பெட்டியின் அடியில் கிடக்கும் கரிய உருண்டைகள் எச்சமல்ல. எலியை முழுதாய் விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் கூகை கக்கியவை அவை. ஒன்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடு கிடைக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். குஞ்சுகளுள்ள ஒரு சோடி ஆண்டுக்கு ஆயிரம் எலிகளுக்கு மேல் பிடிக்கும். அதன் காதுகளில் ஒன்று சற்று மேலே, மற்றது கீழே. கும்மிருட்டிலும் சருகு அசையும் ஓசையை வைத்தே எலி இருக்குமிடத்தை அறிந்துகொள்ளும்.

இனி எலிமருந்தைப் பற்றி. வாளியில் மருந்து வில்லைகளைச் சுமந்து மரத்துக்கு மரம் வைத்தவர்களில் நம் பெண்களும் உண்டு. வார்பரின் மருந்துக்கு எலி பழகிப்போகவே, 1980களில் அதைவிடக் கடுமையான மருந்துகள் வந்தன. அவற்றைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்ற கூகையும் சாகும். எலியைக் குறைக்க வைத்த மருந்தே எலி பிடிப்பவனைக் கொன்றது! எலி மிதமிஞ்சிப் பெருகிய இடத்தில் கூகை மட்டும் போதாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெட்டி வைத்துவிட்டு, பக்கத்திலேயே கடும் மருந்தும் வைப்பது வீண் செலவு. செத்த கூகையைக் கண்டால் வெறுங்கையால் தொடாமல் கங்காணியிடம் சொல்லுங்கள். என்ன மருந்து வைத்தார்கள் என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. மாலையில் பெட்டிக்குள்ளிருந்து சீறல் கேட்டால், பாம்பு என்று பயந்து கம்பால் குத்திவிடாதீர்கள். பசித்த கூகைக் குஞ்சுகள் அப்படித்தான் சீறும்.