மாடிப்படியின் கீழ் ஒருவன்



நான் வாழும் ரெட்டிபாளையம் அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர். எங்கள் மண்ணின் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி, நகரங்களில் அடுக்குமாடிகளாக எழுகின்றது. நாளை உங்களுள் பலர் கல்விக்காகவோ பணிக்காகவோ அந்நகரங்களுக்குச் சென்று, முன்பின் அறியாதவரோடு ஒரே அறையில் வாழ நேரும். இயல்பால் வேறுபட்டோர் ஒரு கூரையின்கீழ் வாழும்போது பிறக்கும் நகைச்சுவையைப் பற்றி இன்று சில சொல்வேன்.

இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் 1974 முதல் 1978 வரை வந்த ‘ரைசிங் டாம்ப்’ என்னும் தொடர், பழைய வீடொன்றின் சொந்தக்காரரும் குடியிருப்போரும் ஒத்துப்போகாமல் படும் பாட்டைக் காட்டிச் சிரிக்க வைத்தது. அதற்கு முன்பே நம் தமிழில் அத்தகைய வீடொன்று மேடையேறிவிட்டது. கே. பாலசந்தரின் ‘எதிர் நீச்சல்’ நாடகமே அது. 1968-இல் அது திரைப்படமாகவும் வந்தது. முத்துப்பேட்டையில் ஆசிரியராக இருந்து, பின்னர்ச் சென்னை அக்கௌண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டே நாடகம் எழுதியவர் அவர்.

ஒண்டுக்குடித்தன வீடு அது. பட்டு மாமியும் கிட்டு மாமாவும் ஒருபுறம். உருவம் காட்டாது இருமலால் மட்டுமே தம் இருப்பை உணர்த்தும் தாத்தா ஒருபுறம். முகம் காணாமலே ஒருவரை அறியலாம் என்பதை வானொலி கேட்போர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. இவர்களுக்கிடையே மாடிப்படியின்கீழ் வாழ்கிறான் அநாதை மாணவன் மாது. எல்லார் வீட்டு ஏவலையும் செய்கிறான். அவர்கள் தரும் உணவை உண்டு படிக்கிறான். நாகேஷ் அப்பாத்திரத்தில் நடித்தார்.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாங்கள் நால்வர் ஓர் அறையில் இருந்தோம். ஒருவரால் வாடகைப் பங்கை முழுதும் தர இயலவில்லை. எவரும் சொல்லாமலே தண்ணீர் சுமப்பதும் பாத்திரம் துலக்குவதும் அவர் வேலையாயின. அவரை நாங்கள் ‘நிதி அமைச்சர்’ என்று அழைத்துச் சிரிப்போம், அவரும் சிரிப்பார்.

ஒருநாள் மறுவெளியீடாக வந்த இப்படத்துக்கு நால்வரும் சென்றோம். ஆளாளுக்கு ஏவ, மாது ஓடியபோது கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்துத் திரும்பினேன். நண்பர் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியலில் நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குச் சென்றேன். பின்னால் வந்த அவர், “கொடுங்கள், எனக்குப் பழகிவிட்டது” என்று கை நீட்டினார். குடத்தை நான் தரவில்லை. அப்பட்டப்பெயரையும் அதன்பின் நான் சொல்லவில்லை. ஆயினும் ‘பழகிவிட்டது’ என்ற அச்சொல்லை இன்றளவும் மறக்க முடியவில்லை.

நகைச்சுவையின்றிக் கூடி வாழ்தல் அரிது. நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சிரிக்கும்போது ஒருமுறை பக்கத்தில் திரும்பிப் பாருங்கள். அறையில் ஒருவர் மட்டும் எப்போதும் குடம் சுமக்கிறாரெனில், அங்கே எழும் சிரிப்பு நால்வருடையதன்று, மூவருடையதே.