பார்கின்சனும் பதட்டமும்: என் அனுபவம்

(அணுசக்தி நகரில் நடந்த நமது உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உட்கார்ந்துகொண்டே பேசுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். என் வலது கை ஆடுவதைப் பார்த்து நான் யாரையோ கூப்பிடுகிறேன் என்று முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து வரவேண்டாம். அது பார்கின்சன் கூப்பிடுவது. பத்து மணிக்கு மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே செயலாளர் அவர்கள் நேரம் பார்த்து மணி அடிக்க வேண்டியதில்லை. மாத்திரையின் வேகம் குறைந்தால் நானே நிறுத்திவிடுவேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மத்திய அரசின் கணக்குத் துறையில் சேர்ந்தேன். மாட்டுங்காவில் முப்பது வருஷம் குடியிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, விஞ்ஞானியாக இருக்கும் மகளுடன் இங்கே குவார்ட்டர்ஸில் நானும் என் சகதர்மிணியும் இருக்கிறோம். எனக்கு இப்போது வயது எழுபத்தாறு. பார்கின்சன் என்று தெரிந்தது 2016-ல்.

கை நடுக்கத்தைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிகிறது. தெரியாத ஒன்றைப் பற்றிச் சொல்லவே வந்தேன். அதுதான் பதட்டம்.

எனக்கு வியாதி முதலில் கையெழுத்தில்தான் வந்தது. எழுத்து சின்னதாகிக்கொண்டே போயிற்று. 2017 நவம்பரில் பென்ஷனுக்காக பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள், "அங்கிள், கையெழுத்து ஒத்துப்போகவில்லை, இன்னொரு தடவை போடுங்கள்" என்று. பின்னால் பத்து பேர் நிற்கிறார்கள். இரண்டாவது கையெழுத்து முதலாவதை விட மோசம். மார்பு படபடத்தது, உள்ளங்கை வேர்த்தது, மூச்சு மேலே நின்றது. முப்பத்தாறு வருஷம் லட்சக்கணக்கான ரூபாய் பில்களில் கையெழுத்துப் போட்டவன், கூட வந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு பேங்க் இல்லாமலே அது வர ஆரம்பித்தது. பந்தியில் உட்கார்ந்தால் ரசம் இலையை விட்டு வெளியே போய்விடுமோ என்று பயம். ஆசமனத்துக்கு உத்தரணியை எடுத்தால் பாதி ஜலம் வேஷ்டியில். மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போகக் கிளம்பி வாசற்படியிலிருந்து திரும்பி வந்த நாட்கள் உண்டு. யாரிடமும் சொல்லவில்லை. "வெயில் ஜாஸ்தி", "முழங்கால் வலி" என்று காரணம் சொல்வேன்.

இதன் விலை என்ன தெரியுமா? 2018 வைகாசியில் சென்னையில் பிள்ளை வயிற்றுப் பேரனுக்குப் பூணல். நான்கு மாதம் முன்பே டிக்கெட் வாங்கியாயிற்று. புறப்படும் தினத்துக்கு முதல் நாள் ராத்திரி, "நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டேன். என்னைத் தனியே விட மனசில்லாமல் அவளும் தங்கிவிட்டாள். மறுநாள் பேரன் போனில் அபிவாதயே சொன்னான். ஆசீர்வாதம் பண்ணக்கூட வாய் வரவில்லை. என் மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வாங்கி வைத்திருந்த பட்டுப்புடவையை மடித்து பீரோவில் வைத்தாள். அது இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

நெருங்கினவர்கள் சொன்ன யோசனைகள் பல. "காயத்ரியைக் கூட்டிப் பண்ணும் ஓய், தானே போய்விடும்" என்றார் ஒருவர். "மனசைத் திடமாக வைத்துக்கொள்ள வேண்டும்" என்றார் இன்னொருவர். எல்லாம் நல்லெண்ணம்தான். ஆனால் ஆயிரத்தெட்டு பண்ணியும் பயம் போகாதபோது, என் பக்தியிலேயே கோளாறு என்று நினைக்கத் தொடங்கினேன். வியாதியோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது.

தெரிந்த ஒருவர் தனக்கு எழுதிக்கொடுத்திருந்த அல்பிரசோலாம் மாத்திரையில் பாதி அட்டையைக் கொடுத்தார். சாப்பிட்டதும் அமிர்தமாக இருந்தது. பயம் இருந்த இடம் தெரியவில்லை. வீட்டில் சொல்லாமல் மூன்று வாரம் சாப்பிட்டேன். ஒரு விடியற்காலை பாத்ரூமில் கால் தடுமாறி விழுந்தேன். நெற்றியில் நாலு தையல். எலும்பு முறியாதது பகவான் கிருபை. பார்கின்சன்காரர்களுக்கு ஏற்கெனவே நிலை தடுமாறும். அந்த வகை மாத்திரை தடுமாற்றத்தையும் மறதியையும் கூட்டும். வயதானவர்களுக்கு இன்னும் ஜாஸ்தி. அது எனக்குத் தையல் போட்ட பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் மகளிடம் கொட்டினேன். அவள் பதறவில்லை. "அப்பா, இது எந்த டயத்துக்கு வரதுன்னு எழுதி வெச்சுக்கோ. மாத்திரை டயத்தையும் பக்கத்துலயே எழுது" என்றாள். கணக்குத் துறைக்காரனிடம் ரெஜிஸ்டர் கொடுத்தால் கேட்கவேண்டுமா? கோடு போட்டு நான்கு பத்தி: மாத்திரை நேரம், சாப்பாடு, பதட்டம் வந்த நேரம், எவ்வளவு நேரம் இருந்தது. இரண்டு வாரத்தில் விடை தெரிந்தது. பெரும்பாலான தடவை பதட்டம் அடுத்த மாத்திரைக்கு அரைமணி, முக்கால் மணி முன்னால் வந்திருந்தது. மாத்திரை போட்டு அது வேலை செய்ய ஆரம்பித்ததும் போயிருந்தது. பருப்பும் தயிரும் பலமாகச் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்ட மத்தியானங்கள் ரொம்ப மோசம்.

நரம்பியல் டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "இதைத்தான் நான் இரண்டு வருஷமாக உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்" என்றார். பெரிய மனது.

இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் செல்கள் அழிவதால் பார்கின்சன் வருகிறது. லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்ப வருஷங்களில் மிச்சமிருக்கும் செல்கள் அதைச் சேமித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும். செல்கள் குறையக் குறைய சேமிப்பும் குறைகிறது. மாதக் கடைசியில் பர்ஸ் காலியாவது போல, மாத்திரை வடியும்போதெல்லாம் தெரிய ஆரம்பிக்கிறது. சிலருக்குக் கால் பிடித்துக்கொள்ளும். என்னைப் போன்றவர்களுக்குப் பதட்டமும் சேர்ந்து வரும். தயிருக்கும் காரணம் உண்டு. லெவோடோபா ஒரு அமினோ அமிலம். புரதம் ஜீரணமாகி வரும் அமினோ அமிலங்களும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். கூட்டம் அதிகமானால் மாத்திரை வெளியே நிற்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் மாத்திரை என்று மாற்றினார்கள். இடைவெளியையும் டாக்டர் குறைத்தார்.

பயம் மனசின் பலவீனம், நடுக்கம்தான் வியாதி என்று பிரித்துப் பார்ப்பது சரியல்ல என்பதற்கு, நம் பம்பாய் சம்பந்தப்பட்ட ஒரு சரித்திரமே இருக்கிறது. 1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்கின்சன் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. புலன்களும் புத்தியும் பாதிக்கப்படுவதில்லை என்று அவர் கருதினார். வெகுகாலம் வைத்தியர்கள் நடுக்கத்தையும் விறைப்பையுமே பார்த்தார்கள்.

நம் ஊர் சர்ப்பகந்தா மூலிகை ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியது உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. அதிலிருந்து ரிசர்பைன் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்தது. சிலருக்குப் பார்கின்சன் போலவே உடம்பு விறைத்தது. ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் 1957-ல் ரிசர்பைன் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு டோபா கொடுத்தார். அவை எழுந்து நடமாடின. லெவோடோபா சிகிச்சைக்கு வழிகாட்டிய இந்த ஆராய்ச்சிகளுக்காக அவருக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. ரிசர்பைன் டோபமைன், செரோடோனின், நார்அட்ரினலின் மூன்றையும் காலி பண்ணுகிறது. பார்கின்சனிலும் இந்த மூன்றுமே குறைகின்றன. ஆகவே கையும் மனசும் சேர்ந்து ஆடுவதில் ஆச்சரியம் இல்லை. பார்கின்சன் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பதட்ட நோய் இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. சிலருக்கு நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே அது வந்துவிடுகிறது.

நேரத்தை மாற்றியதில் பாதி சரியாயிற்று. வெளியே கிளம்பும்போது வரும் பயம் மட்டும் போகவில்லை. மனநல டாக்டரிடம் போங்கள் என்றார்கள். அந்தப் போர்டு மாட்டிய அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பேப்பர் ஆடிய ஆட்டத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்!

அவர் எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற வகையைச் சேர்ந்த மருந்து எழுதினார். பெயரும் அளவும் சொல்லமாட்டேன். சொன்னால் திரும்பிப் போகும்போது உங்களில் நாலு பேர் மருந்துக்கடைக்குப் போவீர்கள். முதல் பத்து நாள் வயிற்றைப் புரட்டியது, பதட்டம் கூடின மாதிரிகூட இருந்தது. நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். "ஏன்னா, ஆறு வாரம்னு சொல்லியிருக்காளே, பத்து நாள்லயே தீர்ப்பு எழுதறேளே" என்றாள் என் மனைவி. ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலையில் காலனிக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வீடு திரும்பிய பிறகுதான், பயப்பட மறந்துவிட்டேன் என்பதே ஞாபகம் வந்தது. மருந்து என்னை வேறு ஆளாக ஆக்கவில்லை. நடுக்கமும் அப்படியேதான் இருக்கிறது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று வெளியே போக முடிகிறது. கூடவே கவுன்சலிங்கும் எடுத்துக்கொண்டேன்.

அனுபவத்தில் சொல்லும் ஐந்து விஷயங்கள்:

1. பதட்டம் வரும் நேரத்தையும் மாத்திரை நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

2. இரவல் மாத்திரை வேண்டாம். அல்பிரசோலாம் போன்றவை 2014 மார்ச் முதல் ஹெச்-1 என்ற தனி அட்டவணையில் இருக்கின்றன. கடைக்காரர் சீட்டைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். அப்படிச் சட்டம் போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

3. எல்லா மருந்தையும் ஒரே காகிதத்தில் எழுதி ஒவ்வொரு டாக்டரிடமும் காட்டுங்கள். ரசாஜிலின், செலிஜிலின் சாப்பிடுபவர்கள் பதட்ட மருந்து தொடங்கும்போது அவசியம் சொல்லவேண்டும். இரண்டும் சேர்ந்தால் அபூர்வமாக ஆபத்து உண்டு. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் பார்கின்சனை மோசமாக்கும்.

4. லெவோடோபா ஆகட்டும், பதட்ட மருந்து ஆகட்டும், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். குறைப்பதானாலும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான்.

5. வீட்டில் இருப்பவர்களுக்கு: "பயப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் உட்காருங்கள், மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள், மாத்திரை எப்போது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

மும்பையில் 2001-ல் நரம்பியல் நிபுணர் டாக்டர் பி.எஸ். சிங்கால் தொடங்கிய பி.டி.எம்.டி.எஸ். என்ற பார்கின்சன் சங்கம், இங்கும் பல ஊர்களிலும் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் கூட்டங்கள் நடத்துகிறது. அங்கே பத்து பேர் கை ஆடும்போது நம் கையை யாரும் பார்ப்பதில்லை. எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு, மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416. தமிழிலும் பேசலாம்.

காயத்ரியை நான் விடவில்லை. ஜபம் மனசுக்கு இதம், சந்தேகமே இல்லை. ஆனால் சர்க்கரை வியாதிக்காரர் ஜபம் பண்ணுகிறார் என்பதற்காக இன்சுலினை விடுவதில்லையே. எனக்கும் அதே நியாயம்தான்.

2023-ல் மகள் வயிற்றுப் பேரனுக்குச் செம்பூரில் பூணல். முகூர்த்தத்தைப் பார்த்து மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு அமைத்துக்கொண்டேன். என் மனைவி பீரோவிலிருந்து அந்தப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பேரன் அபிவாதயே சொல்லி நமஸ்காரம் பண்ணினான். அக்ஷதை போட்டேன். பாதி அவன் தலையில் விழுந்தது, மீதி வாத்தியார் மேல் விழுந்தது. "நமக்கும் ஆசீர்வாதம் ஆச்சு" என்றார் அவர்.

உங்களில் யாராவது இதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். மாத்திரை நேரம் ஆகிவிட்டது.