மூன்றடி தள்ளியிருக்கும் படம் ஏன் நின்று நின்று ஓடுகிறது?



எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தங்கை மகள் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, வீடியோக்காரர் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தார். வைஃபை ரவுட்டரின் பின்பக்கம் ஒரு யூஎஸ்பி துளை பல வருடமாகச் சும்மா கிடந்தது. டிஸ்க்கை அதில் செருகினேன். இனி எந்த அறையிலிருந்தும், டிவியிலோ கைப்பேசியிலோ, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வீட்டில் பெருமையாக அறிவித்தும் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அத்தை, சித்தி எல்லாரும் வந்திருந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தாயிற்று. கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். படம் நின்றுவிட்டது. திரை நடுவே ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அத்தை பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, முகூர்த்தம் தப்பிடப் போவுது, சீக்கிரம் கட்டச் சொல்லு" என்றார்.

அவமானத்தை மறைக்க யூடியூபைப் போட்டேன். எங்கோ இருக்கும் கணினியிலிருந்து வரும் 4கே படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்றடி தள்ளி, அலமாரி மேல் இருக்கும் டிஸ்க்கிலிருந்து வரும் படம் மட்டும் திக்கித் திணறுகிறது. இது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால், எந்த ரவுட்டரை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

யூடியூப் போன்ற சேவைகள் சாமர்த்தியமானவை. ஒரே படத்தைப் பல தரத்தில் முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும். நம் வீட்டு இணைப்பு இளைத்தால், சத்தமில்லாமல் தரத்தைக் குறைத்து அனுப்பும். நன்றாக இருக்கும்போதுகூட, 4கே படத்துக்கு நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் போதும் என்கிற அளவுக்குப் பிழிந்து சுருக்கித்தான் கொடுக்கும். டிஸ்க்கில் இருக்கும் கல்யாண வீடியோவுக்கு இந்தச் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. 4கே கேமராக்கள் பலவும் நொடிக்கு 100 மெகாபிட் வரை பதிவு செய்பவை. வீடியோக்காரரும் தரம் போய்விடக் கூடாதே என்று அதிகம் சுருக்காமல் கொடுத்துவிடுவார். அந்தப் படம் அப்படியே முழு உருவத்தில்தான் வரும். வழி குறுகலாக இருந்தால் உடம்பைக் குறுக்கிக்கொள்ளாது, நின்றுவிடும்.

உங்கள் படம் எவ்வளவு கேட்கிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். காகிதம் பேனா பக்கத்தில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். படம் எத்தனை கிகாபைட் என்று பாருங்கள். அதை 133-ஆல் பெருக்கி, படம் எத்தனை நிமிடமோ அதனால் வகுங்கள். வரும் விடைதான் நொடிக்குத் தேவைப்படும் மெகாபிட். எங்கள் முகூர்த்த வீடியோ 30 கிகாபைட், 45 நிமிடம். கணக்குப் போட்டால் 90-க்குக் கொஞ்சம் கீழே. ஒப்பிட்டுப் பாருங்கள்: சாதாரண டிவிடி படம் 10 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். புளூரே வட்டில் படத்துக்கு மட்டும் உச்சம் 40. எங்கள் வீட்டுக் கல்யாணம் புளூரேயைவிட இரண்டு மடங்கு கனம்.

இங்கே எல்லாரும் இடறி விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. பிட் வேறு, பைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். இணைய வேகத்தையும் வைஃபை வேகத்தையும் பிட்டில் சொல்வார்கள். டிஸ்க்கிலிருந்து கோப்பை நகல் எடுக்கும்போது கணினி காட்டுவது பைட்டில். ஆகவே கணினி "நொடிக்கு 10 மெகாபைட்" என்று காட்டினால் அது 80 மெகாபிட். என் பழைய ரவுட்டரில் மடிக்கணினியை வைத்துச் சோதித்தபோது ஏறக்குறைய அதுதான் வந்தது. வீடியோ 90 கேட்கிறது, ரவுட்டர் 80 கொடுக்கிறது. தாலி கட்டும் காட்சியில் பூமழை வேறு. திரையில் ஆயிரம் புள்ளிகள் ஒரே நேரத்தில் அசையும் இடம். தேவை எகிறும் இடத்தில் படம் சரியாக நின்றிருக்கிறது.

இதில் நான் மாதாமாதம் கட்டும் இணையக் கட்டணத்துக்குச் சம்பந்தமே இல்லை என்பதைக் கவனியுங்கள். டிஸ்க்கிலிருந்து டிவிக்குப் போகும் படம் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. இணையம் அறுந்து கிடந்தாலும் அது ஓடும். "படம் சுத்துது" என்று சொல்லி அதிக வேகத் திட்டத்துக்கு மாறியவர்களை எனக்குத் தெரியும். பணம் போனது, வட்டம் சுற்றுவது நிற்கவில்லை.

சரி, புது ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போகிறோம். சென்னை ரிச்சி தெருவாக இருக்கட்டும், உங்கள் ஊர்க் கடையாக இருக்கட்டும். அட்டைப் பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் ஏசி 1200, ஏஎக்ஸ் 1800, ஏஎக்ஸ் 3000 என்று எண்கள் மிரட்டும். 1200 என்பது என்ன தெரியுமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டது. "எங்கள் ஊரில் ரயில் மணிக்கு 60 கிலோமீட்டர் போகும், பஸ் 40 போகும், ஆகவே எங்கள் ஊரில் 100 வேகத்தில் போகலாம்" என்பது போன்ற கணக்கு இது. உங்கள் டிவி ரயிலில் ஏறும், அல்லது பஸ்ஸில் ஏறும். அந்த 867-ம் காகிதத்தில் உள்ள வேகம். கையில் கிடைப்பது பாதி என்றால் நல்ல நாள். நடுவில் சுவர் வந்தால் அதற்கும் கீழே.

அதனால் பெட்டியைத் திருப்புங்கள். நமக்கு வேண்டிய செய்தி பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது, யூஎஸ்பி துளை இருக்கிறதா என்பதை. மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் இது கிடையாது. இருந்தால் 2.0-வா, 3.0-வா என்று பாருங்கள். 2.0-வின் ஏட்டு வேகம் 480 மெகாபிட். அது பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் துளையின் வேகத்தைவிட, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சில்லின் வலிமைதான் பெரிய விஷயம். ரவுட்டர் என்பது ஒரு குட்டிக் கணினி. டிஸ்க்கில் கோப்பைத் தேடி, படித்து, பொட்டலம் கட்டி, காற்றில் அனுப்ப வேண்டும். அதே நேரத்தில் வீட்டில் எல்லாருடைய கைப்பேசிக்கும் வழி விட வேண்டும். சில்லு சோனியாக இருந்தால் எவ்வளவு அகலமான துளை வைத்தும் பயனில்லை. யூஎஸ்பி 3.0 வைத்திருக்கும் ரவுட்டர்களில் பொதுவாகச் சில்லும் கொஞ்சம் திடமாக இருக்கும். அதனால் 3.0 என்பதை ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். கூடவே இரட்டை மையம், நான்கு மையம் என்று பிராசசர் விவரம் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

இந்த 3.0-வில் ஒரு வேடிக்கையும் உண்டு. அது வேலை செய்யும்போது எழுப்பும் மின்இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் மேலேயே போய் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. வேகத்துக்காக வாங்கிய துளை வைஃபையின் காதில் கத்துகிறது. டிஸ்க்கை ரவுட்டரின் ஆன்டெனாவோடு ஒட்டி வைக்காதீர்கள். தரமான, உறை போட்ட ஒயர் வாங்கி ஒன்றிரண்டு அடி தள்ளி வையுங்கள். டிவியை 5 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள்.

5-ல் சேர்ப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் கைப்பேசியை எடுத்து வைஃபை பட்டியலைப் பாருங்கள். இருபது பெயர் வரும். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. இருபது குடும்பம் மூன்று குழாயில் தண்ணீர் பிடிக்கிற நிலைமை. போதாததற்கு, சமையலறை மைக்ரோவேவும் அதே அலையில்தான் கஞ்சி காய்ச்சுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் அது சுவரைக் கண்டால் சுணங்கும். நம் ஊர்ச் செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டும். இரண்டைத் தாண்டும்போது மூச்சு வாங்கும். அதனால் ரவுட்டரை ஷோகேஸுக்குள்ளோ பீரோ பின்னாலோ ஒளிக்காமல், டிவி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். காசு செலவில்லாத இந்த வேலை, பல சமயம் புது ரவுட்டரைவிட அதிகம் உதவும்.

சுவர் என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறார். ஜான் ஓ'சல்லிவன், ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரேடியோ வானியல் பொறியாளர். வெடிக்கும் கருந்துளைகளிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைத் தேடினார், கிடைக்கவில்லை. கலங்கிய அலையிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்க அவர் கையாண்ட கணிதம், பிறகு வீட்டுச் சுவர்களில் அலை மோதி எதிரொலிக்கும் சிக்கலைத் தீர்க்கப் பயன்பட்டது. 1996-ல் அவர் குழுவுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கருந்துளை அகப்படாததால் நமக்குக் கல்யாண வீடியோ அகப்பட்டது.

வைஃபை 5, 6, 7 என்று தலைமுறை எண்ணைக் கேட்டுக் குழம்பாதீர்கள். இந்த ஒரு வேலைக்கு 5 போதும். இன்று புதிதாக வாங்குவதென்றால் 6 வாங்கலாம். 7-க்காகப் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. உங்கள் டிவிக்கு அநேகமாக 7 தெரியாது.

ஒயர் இழுக்க முடியுமானால் வைஃபையே வேண்டாம் என்பார்கள். உண்மைதான், ஒரு திருத்தத்தோடு. ரவுட்டரிலும் டிவியிலும் உள்ள லேன் துளை 100 மெகாபிட்டா, கிகாபிட்டா என்று பார்க்க வேண்டும். விலை உயர்ந்த டிவிகள் பலவற்றில்கூட இன்னும் 100-தான். எங்கள் 90 மெகாபிட் வீடியோ அதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அந்த இடத்தில் நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒயரை முந்திவிடும்.

வேகம் எல்லாம் சரியாக இருந்தும் படம் வராமல், அல்லது படம் வந்து சத்தம் வராமல் போகலாம். ரவுட்டர் என்பது கிடங்குக்காரர் மாதிரி. மூட்டையை எடுத்துக் கொடுப்பார். சமைத்துத் தர மாட்டார். படம் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதை டிவிதான் புரிந்துகொள்ள வேண்டும். சில டிவிகளுக்கு டிடிஎஸ் ஒலி புரியாது. ஊமைப் படமாக ஓடும். விஎல்சி போன்ற செயலியை டிவியில் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் தீரும். ரவுட்டரின் பெட்டியில் டிஎல்என்ஏ, சாம்பா என்ற இரண்டு பெயர்களைத் தேடுங்கள். முதலாவது டிவி தானாகவே படப் பட்டியலைக் கண்டுபிடிக்க உதவுவது. இரண்டாவது, கணினியும் கைப்பேசியும் டிஸ்க்கைத் தங்கள் சொந்த அலமாரி போலத் திறக்க உதவுவது. சாம்பா பேசும் மொழியின் பழைய முதல் பதிப்பு மட்டுமே தெரிந்த ரவுட்டரை இன்றைய விண்டோஸ் திரும்பிக்கூடப் பார்க்காது. 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாகிரை வைரஸ் அந்தப் பழைய மொழியின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. பழைய ரவுட்டரை இனாமாக யாராவது கொடுத்தால் இதை நினைவில் வையுங்கள்.

டிஸ்க்கை வீட்டுக்கு வெளியிலிருந்தும் பார்க்கலாம் என்று ரவுட்டர் ஆசை காட்டும். நான் அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறேன். 2014 பிப்ரவரியில் ஏசஸ் ரவுட்டர்களில் இருந்த ஓட்டைகளைப் பயன்படுத்தி 12,900-க்கும் மேற்பட்டவர்களின் டிஸ்க்குகளுக்குள் அந்நியர்கள் நுழைந்தார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்து, 2016-ல் அந்த நிறுவனம் 20 ஆண்டுகளுக்குத் தணிக்கைக்கு ஒப்புக்கொண்டது. நம் வீட்டு டிஸ்க்கில் கல்யாண வீடியோ மட்டுமா இருக்கிறது? ஆதார் நகலும் பத்திரமும் சேர்ந்தல்லவா கிடக்கிறது.

டிஸ்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபேட் 32 முறையில் தயாரித்த டிஸ்க்கில் 4 கிகாபைட்டுக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டில் உங்கள் ரவுட்டர் எதைப் படிக்கும் என்று கடையிலேயே கேளுங்கள். சட்டைப் பை அளவு டிஸ்க்குகள் ரவுட்டரின் மின்சாரத்திலேயே சுழலும், யூஎஸ்பி 2.0 துளை சில சமயம் அதற்கே திணறி, டிக் டிக் என்று சத்தம் போடும். பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். கரண்ட் போய்ப் போய் வந்தால் டிஸ்க்கின் ஆயுள் குறையும், கோப்பும் கெடும். ரவுட்டருக்கென்று விற்கும் குட்டி யூபிஎஸ் ஒன்று வாங்கும்போது, அது டிஸ்க்கின் சுமையையும் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். எப்படியானாலும் கல்யாண வீடியோவின் இன்னொரு நகல் வேறொரு டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் ஒரே டிவி, எல்லாரும் சேர்ந்தே பார்க்கிறவர்கள் என்றால் இதெல்லாம் வேண்டாம். டிஸ்க்கை நேராக டிவியின் யூஎஸ்பியில் செருகுங்கள், முடிந்தது. எனக்கு மூன்று அறை, மூன்று ரசனை. அதனால் வைஃபை 6, யூஎஸ்பி 3.0 உள்ள ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். சும்மா இருக்கும் நேரத்தில் டிஸ்க் உறங்கிவிடும். முதலில் தொடும்போது எழுந்து வரச் சில நொடி ஆகும். கெட்டுவிட்டது என்று பதறி ஒயரைப் பிடுங்காதீர்கள், நான் ஒருமுறை பிடுங்கினேன்.

பொங்கலுக்கு அத்தை மறுபடி வந்திருந்தார். கெட்டிமேளம், பூமழை, தாலி, எல்லாம் ஒரே ஓட்டம். படம் நிற்கவில்லை. அத்தைதான் நிறுத்தச் சொன்னார். கூட்டத்தில் மூன்றாவது வரிசையில், அரக்குப் புடவையில், தன்னைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்.