நீச்சல் வராத பிள்ளையும் தேசிய சேவையும்



வீட்டில் ஆண் பிள்ளைக்கு 18 வயது நெருங்கிவிட்டால் தேசிய சேவைப் பேச்சு தொடங்கிவிடும். 1967ஆம் ஆண்டில் கட்டாய தேசிய சேவை வந்ததிலிருந்து இந்த ஊரில் இது தலைமுறைப் பேச்சு. அப்பா ஒரு கதை சொல்வார், மாமா ஒரு கதை சொல்வார். ஓட்டம், ‘புஷ்-அப்’, ‘ரூட் மார்ச்’ என்று எல்லாம் பேசப்படும். ஆனால் ஒரு பயம் மட்டும் பிள்ளையின் வாயிலிருந்து வராது. அது தண்ணீர்ப் பயம்.

தொடக்கநிலைப் பள்ளியில் பல பிள்ளைகள் நீச்சல் வகுப்புக்குப் போயிருப்பார்கள். 2010ல் தொடங்கிய ‘சுவிம்சேஃபர்’ திட்டத்தில் ஆறு நிலைகள் உண்டு. ஒன்றிரண்டு நிலைகளோடு நின்றவர்கள் அதன் பிறகு குளத்துப் பக்கம் போகாமலேயே 18 வயதை எட்டிவிடுகிறார்கள். கூடப் படித்தவர்கள் முன்னால், ‘எனக்கு நீச்சல் வராது’ என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கம்தான் உண்மையான ஆபத்து.

முதலில் மனத்திலுள்ள பாரத்தை இறக்கிவைப்போம். ‘ஐபிபிடி’ உடல்தகுதித் தேர்வில் நீச்சல் கிடையாது. 2015 முதல் அது ‘புஷ்-அப்’, ‘சிட்-அப்’, 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்ற மூன்று அங்கங்களைக் கொண்டது. கைகால்களைக் கட்டி நீரில் இறக்கும் பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சிலர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். அது கடற்படையின் முக்குளிப்புப் பிரிவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு உரியது. எல்லாருக்கும் அல்ல.

அப்படியானால் நீச்சல் எதற்கு என்று ஒரு பெற்றோர் கேட்கலாம். நம்முடையது தீவு நாடு. அடிப்படைப் பயிற்சிக்காகப் புலாவ் தெக்கோங் செல்லும் பிள்ளை முதல் நாளே கடலைக் கடந்துதான் போகிறான். பிறகு எந்தப் பிரிவில் சேர்க்கப்படுவான் என்பது அவன் கையில் இல்லை. தேர்வில் இல்லை என்பதற்காகத் தேவையில்லை என்று ஆகிவிடாது.

மூன்று மாதம் இருந்தால் நிறையச் செய்யலாம். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் போதும். வேகமாக நீந்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முதலில் மூச்சு. நீச்சல் வராதவர் நீருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு, தலையைத் தூக்கிய பிறகு ஒரே நேரத்தில் மூச்சை விடவும் இழுக்கவும் பார்க்கிறார். அதனால்தான் திணறுகிறார். முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சை மெல்ல விட்டுப் பழகினால் பாதிப் பயம் போய்விடும்.

அடுத்து, மல்லாந்து மிதத்தல். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் உடலை நீர் பெரும்பாலும் தாங்கும். அதன்பின் தவளை நீச்சலும், நின்ற இடத்திலேயே கால்களை அசைத்துத் தலையை மேலே வைத்திருப்பதும். சுவரைத் தொடாமல் 50 மீட்டர் போக முடிந்தால், பயிற்றுநர் துணையோடும் குளத்தின் அனுமதியோடும் சட்டை, நீளக் காற்சட்டையுடன் பழகலாம். நீருக்குள் துணி கீழே இழுப்பதைவிட அசைவைத்தான் அதிகம் தடுக்கிறது. கரையேறும்போதுதான் கனக்கிறது. இதை முன்பே உணர்ந்தவர் பதற மாட்டார். ‘யூடியூப்’பில் பார்த்தால் போதாதா என்பவர்களுக்கு ஒரே பதில்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஓர் எச்சரிக்கை. வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு நீருக்கடியில் எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று போட்டி போடும் பழக்கம் இளையர்களிடம் உண்டு. அப்படிச் செய்தால் உடலில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வே வராமல் மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்துகிறவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். தனியாகவும் பழகக் கூடாது. நீரில் மூழ்குகிறவர் பெரும்பாலும் கூச்சல் போடுவதில்லை. சத்தமில்லாமல் போய்விடுவார். பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும்.

நீச்சலில் இறங்கியதும் ஓட்டத்தை விட்டுவிடவும் கூடாது. இரண்டு நாள் குளம் என்றால் இரண்டு நாள் ஓட்டம்.

பெற்றோர்களே, இன்னொரு செய்தி. ஆஸ்துமா, வலிப்பு, காதுக் கோளாறு இருந்தால் சேவைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையிலேயே சொல்லச் சொல்லுங்கள். நீச்சல் வராது என்பதையும் பயிற்றுநரிடம் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘சொன்னால் கோழை என்பார்கள்’ என்று பிள்ளையின் வாயைக் கட்டிவிடாதீர்கள். தெரிந்தால்தான் பயிற்றுநர் அவன்மீது ஒரு கண் வைக்க முடியும். தெரியாத குறையை யாரும் கவனிக்க முடியாது.

வீரம் என்பது பயமே இல்லாதிருப்பது அன்று. தன் குறையை அறிந்து, ஆள் வைத்துக் கற்று, தேவையானவரிடம் சொல்லிவிட்டு இறங்குவதும் வீரம்தான். கடிதம் வரும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே பிள்ளையை அருகிலுள்ள பொது நீச்சல் குளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நீந்தத் தெரியாத அப்பாவாக இருந்தால், அவரும் கூடவே இறங்கட்டும்.