நாய் வளர்ப்பும் ஊர்ப் பொறுப்பும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி இம்முகாமில் பலர் பேசினார்கள். எனக்குத் தரப்பட்ட பொருளோ நாய். "இதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆனால், இரவில் பட்டியில் அடைத்த ஆடுகள் பொழுது விடியும்போது கழுத்துக் கிழிந்து கிடக்கக் கண்ட உழவரும், நாய்க்கடி பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய தாயும் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

நாய்க்கும் உழவனுக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில், அதாவது ஏழாம் நூற்றாண்டில் நாட்டப்பட்டது. எருமைகளைக் காக்கப் போராடி உயிர்நீத்த வீரன் ஒருவனுக்காக எடுத்த கல் அது. அவன் அருகில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்லிலேயே பொறித்து வைத்தார்கள். பெயரிட்டு வளர்த்த நாயைப் பெயரோடு போற்றிய மக்கள் நம் முன்னோர்.

அந்த மரபில் வந்த நம்முடைய இன்றைய நிலை என்ன? திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பக்கங்களில் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் நாய்க்கூட்டங்கள் பட்டிகளுக்குள் புகுந்து ஏராளமான ஆடுகளைக் கடித்துக் கொன்றன. உழவர்கள் இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி இழப்பீடு கேட்டார்கள். காவலுக்கு என்று வளர்த்த இனமே பட்டியை அழிக்குமானால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடுகிறதல்லவா?

இந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உழவர் ஒருவர் என்னிடம் வந்து, ஒரே இரவில் ஏழு ஆடுகளை இழந்ததாகக் கூறி வருந்தினார். பேச்சுக்கிடையே, "ஐயா, உங்கள் வீட்டு நாய் ஈன்ற குட்டிகள் எங்கே?" என்று கேட்டேன். ஆண் குட்டி இரண்டை வைத்துக்கொண்டு, பெட்டைக் குட்டி நான்கையும் சாக்கில் போட்டுச் சந்தைப்பேட்டை ஓரத்தில் விட்டுவந்ததாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய ஆடுகளைக் கடித்தவை அந்தக் குட்டிகளின் வழிவந்தவைதாம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வீட்டாரும் அவ்வாறே செய்தால், யாரோ ஒருவர் விட்ட குட்டி வேறொருவர் பட்டிக்கு வந்தே தீரும். அவரை நான் குறை கூறவில்லை. நம்மில் பலர் செய்வதையே அவரும் செய்தார். தெருநாய் என்று தனியாக ஓர் இனம் இல்லை. வீட்டு நாயைக் கைவிட்டால் அது தெருநாய். நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

கணக்குப் பாருங்கள். பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாள் சினையாக இருந்து குட்டி ஈனும். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி என்று கொண்டால், ஒரு நாயால் ஓராண்டில் பத்துக் குட்டிகள். அவற்றுள் பாதி மாண்டாலும் ஐந்து எஞ்சும். குட்டி ஈன்ற பிறகு சாக்கைத் தேடுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது போன்றது. கருத்தடை அறுவை செய்துவிட்டால் இத்தொல்லையே இல்லை. கருத்தடை செய்த நாய் காவல் காக்காது என்பது தவறான எண்ணம். அது வீட்டை விட்டு அலையாமல் இருப்பதால் காவலுக்கு மேலும் ஏற்றது.

நாய் வளர்ப்போர் செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, மேலே கூறிய கருத்தடை. இரண்டாவது, வெறிநோய்த் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, அடுத்த மாதம் ஒரு முறை, பின்னர் ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். மூன்றாவது, குடற்புழு மருந்து. ஆடு அறுத்த இடத்துக் கழிவைத் தின்னும் நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டை நம் கைக்கும் உணவுக்கும் வந்தால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் உண்டாகும். ஆடு மாடுகளுக்கும் இக்கேடு உண்டு. நான்காவது, நிழலும் நீரும் வேளைக்கு உணவும். நாள் முழுதும் வெயிலில் கட்டிக் கிடக்கும் நாய், மனிதரைக் கண்டாலே சீறும் குணம் பெறுகிறது. நெடுநேரம் சங்கிலியில் கட்டி வதைப்பதும், பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி பிராணியைக் கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இனி வெறிநோயைப் பற்றிச் சில சொற்கள். நோய்க்குறி தோன்றிவிட்டால் இந்நோயிலிருந்து மீள்வது இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் கடிபட்டவுடன் தக்கன செய்தால் பிழைத்துவிடலாம். 1885-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டு அவனைக் காத்தார். அவர் பெயரால் நம் குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அத்தகைய அறிவு நம் அருகிலேயே நூறாண்டுக்கு மேலாக இருந்தும், கடிவாயில் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்பி, மந்திரித்துக் கயிறு கட்டும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை.

நாய் கடித்தால் உடனே குழாயடியிலோ கிணற்றடியிலோ சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். கட்டுப் போடாதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் வேண்டாம். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்து நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. இப்போது கையில் போடுகிறார்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று மருத்துவர் சொல்லும் முறைப்படி முழுவதும் போட்டுக்கொள்ள வேண்டும். இரத்தம் கசியும் காயமானால் காயத்திலேயே வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். சிறு கீறல்தானே என்று வாளாவிருந்து பிள்ளையை இழந்தவர்களுக்கு எவ்வகையிலும் ஆறுதல் சொல்ல இயலாது.

"நாய்களை ஒரேயடியாகக் கொன்றுவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். சென்னை மாநகராட்சி பல்லாண்டுகள் அதைத்தான் செய்துவந்தது. நாய்த் தொல்லை தீரவில்லை. ஓர் இடம் காலியானால், அங்கே கிடைக்கும் எச்சிலுக்காகப் பக்கத்து நாய்கள் வந்து சேர்ந்துவிடும். ஆதலால் 1996-ஆம் ஆண்டில் மாநகராட்சி கொல்லுவதை விடுத்துக் கருத்தடை முறைக்கு மாறியது. சென்னையில் 1959-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நீலச் சிலுவைச் சங்கம் இம்முறைக்கு வழிகாட்டியது. இன்று கொல்லுவதற்குச் சட்டமும் இடந்தரவில்லை. 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி, நாயைப் பிடித்து, அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காது நுனியில் சிறிது வெட்டி, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். இப்பொறுப்பை அவ்விதிகள் உள்ளாட்சி அமைப்புகளின்மீது வைக்கின்றன. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் ஆணையிட்டது. காப்பகத்தின் தேவை இதனால் மேலும் கூடியிருக்கிறது.

காப்பகம் என்றதும் வேண்டாத நாயைக் கொண்டுபோய்த் தள்ளும் கிடங்கு என்று பலர் கருதுகிறார்கள். இரவோடு இரவாக வாசலில் குட்டிகளை வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. காப்பகத்தின் வேலை வேறு. அடிபட்டதற்கு மருத்துவம் செய்வது, கருத்தடை செய்து தடுப்பூசி போடுவது, வளர்க்க விரும்புவோரிடம் நல்ல குட்டிகளை ஒப்படைப்பது ஆகிய மூன்றுமே அதன் வேலை. ஊரார் தங்கள் கடமையைச் செய்தால்தான் காப்பகம் தன் கடமையைச் செய்ய முடியும். இடம் நிரம்பி வழியும் காப்பகத்தில் நோய் பரவும்; நோக்கமே கெட்டுவிடும்.

ஆகவே ஊராட்சிகளுக்குச் சில யோசனைகளைக் கூற விரும்புகிறேன். முதலில், ஊரில் எந்த வீட்டில் எத்தனை நாய், தடுப்பூசி எப்போது போட்டது என்று ஒரு பதிவேடு எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டாவதாக, ஆண்டுக்கு ஒருமுறை கால்நடை மருந்தகத்தாரை அழைத்து ஒரே நாளில் எல்லா நாய்க்கும் ஊசி போடச் செய்யுங்கள். நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவும் தொடர் அறுந்துவிடும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவு. லூயி பாஸ்டர் மறைந்த நாளான செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளையே இதற்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, கோழிக் கடைக் கழிவையும் செத்த கோழிகளையும் ஏரிக்கரையில் கொட்டுவதை நிறுத்துங்கள். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் செய்யுங்கள். இறைச்சிச் சுவை கண்டு கூட்டமாகத் திரியும் நாய்தான் பின்னர் பட்டியைத் தேடிப் போகிறது.

நான்காவதாக, பக்கத்து ஊராட்சிகள் நாலைந்து சேர்ந்து, விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற காப்பகத்துக்கு உதவுங்கள். பணம் மட்டுந்தான் உதவி என்பதில்லை. அறுவடைக் காலத்தில் ஒரு மூட்டை குருணை, படுக்கைக்கு வைக்கோலும் பழஞ்சாக்கும், கூரைக்குக் கீற்று, நாய்களை ஏற்றி வர ஒரு வண்டி, மாதத்தில் ஒரு நாள் இளைஞர்களின் உழைப்பு ஆகியவை எந்த ஊராலும் கொடுக்கக் கூடியவையே. காவலுக்கு நாய் வேண்டுவோர் விலை கொடுத்து வாங்குமுன் காப்பகத்துக்கு ஒருமுறை சென்று பாருங்கள். நாட்டு நாய்க்குட்டி நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியது.

நண்பர்களே! எடுத்தனூர் மக்கள் தங்கள் நாயின் பெயரைக் கல்லில் எழுதினார்கள். நாம் கல்லில் எழுத வேண்டியதில்லை. ஊராட்சிப் பதிவேட்டில், வீட்டுக்காரர் பெயருக்கு எதிரே, நாயின் பெயரையும் ஊசி போட்ட தேதியையும் எழுதினால் போதும். பெயர் எழுதப்பட்ட நாயைச் சாக்கில் கட்டிச் சந்தைப்பேட்டையில் விட யாருக்கும் கை வராது. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாகக் கொண்டுவந்து நிறைவேற்றுங்கள்.