கண்டதும் கருதியதும்

(ஆண்டு விழாவில் ஞாயிறு வகுப்பு ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்திய உரை)

 

நம் காலனிக் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலம் பயில்கின்றனர்; தெருவில் கன்னடம் பேசி விளையாடுகின்றனர்; ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இரண்டு மணி நேரம் எங்களிடம் தமிழ் படிக்க வருகின்றனர். அந்த இரண்டு மணி நேரத்திலும் தட்டும் துண்டும் வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு என்று பெற்றோர் சிலர் வினவினர். வினவியது முறையே. அதற்கு விடை கூறவே இம்மேடை ஏறினோம்.

ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் இருபது பொருள்களைப் பரப்புகிறோம். சாவி, ஊக்கு, சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை, குன்றிமணி, காப்பிக்கொட்டை, நாணயம், கிழிந்த பஸ் டிக்கெட்டு என்று கைக்கு அகப்பட்டவையெல்லாம் அதில் இருக்கும். ஒரு நிமிடம் பார்க்கலாம். பின்பு துண்டால் மூடிவிடுவோம். கண்டவற்றைத் தமிழில் எழுத வேண்டும். குன்றிமணி என்னும் பெயரை அறியாத ஒரு குழந்தை, "கறுப்பு மூக்கு வைத்த சிவப்பு விதை" என்று எழுதிற்று. முழு மதிப்பெண் அளித்தோம்.

இவ்விளையாட்டு எங்கள் கற்பனை அன்று. ருட்யார்டு கிப்ளிங் 1901-இல் வெளியிட்ட 'கிம்' என்னும் நாவலில், சிம்லாவில் ஒரு கடையில் சிறுவன் கிம் இதனைப் பயில்கிறான். தன்னினும் இளைய சிறுவனிடம் தோற்றும் போகிறான். சாரணர் இயக்கம் கண்ட பேடன் பவல், 1908-இல் வெளிவந்த தம் நூலில் இதனைச் சேர்த்துக் கொண்டார். நம்மவர்க்கும் இது புதிதன்று. 1907-இல் சென்னையில் நூறு செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்திச் சதாவதானி எனப் பெயர்பெற்ற செய்குத்தம்பிப் பாவலரை நினைவுகூர்ந்தால் போதும்.

ஆயினும், பார்ப்பதும் நினைவில் வைப்பதும் பாதி வேலையே. பார்த்ததைக் கொண்டு பாராததை அறிவது மறு பாதி. அதற்கு அலகேச கதையில் வரும் ஒட்டகம் உதவுகிறது. காணாமற்போன ஒட்டகத்தைக் கண்ணாலும் பாராத நால்வர், அதன் குறைகளை ஒன்றுவிடாமல் உரைக்கின்றனர். நாங்கள் விடையை மறைத்து, தடயங்களை மட்டும் கரும்பலகையில் எழுதினோம். மூன்று காலின் சுவடே பதிந்திருந்ததால் நொண்டி என்பதும், வழியின் ஒரு பக்கத்து இலைகளே மேயப்பட்டிருந்ததால் ஒற்றைக் கண் என்பதும் குழந்தைகளுக்கு உடனே விளங்கின. வழியில் சொட்டுச் சொட்டாக இரத்தம் கிடந்ததற்குக் காரணம் காண அரைமணி நேரம் ஆயிற்று. வால் குட்டை, ஆதலால் கடிக்கும் கொசுவை விரட்ட இயலவில்லை!

அடுத்து, நோட்டுப் புத்தகத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் 'கண்டது' என்றும், வலப்பக்கம் 'கருதியது' என்றும் எழுதச் சொன்னோம். ஒரு துணிப்பையைக் கொடுத்தோம். உள்ளே மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை, அல்சூருக்கு எடுத்த பஸ் டிக்கெட்டு. பை யாருடையது? பெரும்பாலோர் 'தாத்தா' என்று இடப்பக்கத்திலேயே எழுதிவிட்டனர். தாத்தாவை எவரும் காணவில்லை. கண்டது கண்ணாடிக் கூடு. அது மருமகளுடையதாகவும் இருக்கலாம் அன்றோ?

இப்பாகுபாடு மிகப் பழையது. மணிமேகலையில் வரும் அளவைவாதி, காண்டல் வேறு, கருதல் வேறு என்று பிரித்து, கருதலையும் மூவகையாகக் கூறுகிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டு என்பது ஒன்று. ஆற்று வெள்ளம் கண்டு மேலே மழை பெய்தது என்பது ஒன்று. கருமுகில் கண்டு மழை வரும் என்பது மற்றொன்று. மூன்றும் ஒரே அளவு உறுதி உடையவையா என்று கேட்டோம். ஒரு பையன் எழுந்து, "சார், அல்சூர் ஏரி மேல் கறுத்துக் கொண்டு வந்து, மழை ஜெயநகரில் பெய்துவிட்டுப் போகிறதே!" என்றான். பெங்களூர்வாசிகளுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதே நகரில் 1948-இல் ஆராய்ச்சி நிலையம் கண்ட சர் சி. வி. இராமன், 1921-இல் கப்பலில் செல்கையில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். வானின் நீலமே நீரில் தெரிகிறது என்பது ரேலே பிரபுவின் கருத்து. இராமன், தம்மிடமிருந்த ஒரு பட்டகத்தால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுத்துப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று தெளிந்தார். அவ்வழியே சென்றுதான் 1928-இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930-இல் நோபல் பரிசும் வந்தது.

இனி, எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் கூறியாக வேண்டும்.

ஒரு ஞாயிறன்று துண்டை எடுத்தபோது தட்டில் நாணயம் இல்லை. தட்டின் அருகே அமர்ந்திருந்தவன் புதிதாகச் சேர்ந்த சிறுவன். தருமபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். கை சட்டைப் பைக்குள் இருந்தது. பையைக் காட்டச் சொன்னோம். காட்டினான். பாதிப் பென்சில் ஒன்றுதான் இருந்தது. அப்போது பின்வரிசைச் சிறுமி ஒருத்தி, "டீச்சர், துண்டில் எறும்பு போகிறது" என்றாள். அன்று தட்டில் வெல்லக்கட்டியும் வைத்திருந்தோம். இளகிய வெல்லம் துண்டின் மடிப்பில் ஒட்டியிருந்தது. வெல்லத்தில் நாணயம் ஒட்டியிருந்தது.

அன்று மாலை, எங்கள் நோட்டிலும் கோடு கிழித்தோம். 'கண்டது' என்னும் பக்கத்தில், 'கை பைக்குள் இருந்தது' என்ற ஒரு வரிதான் எழுத முடிந்தது. அவன் சட்டை கிழிந்திருந்ததையும் கண்டோம். ஆனால் அதை அங்கே எழுதக் கூச்சமாக இருந்தது. வேற்று மொழி பேசும் ஊரில், பிறர் நம்மைப் பாராமலே எடைபோடுகின்றனர் என்று குறைபடுகிறவர்கள் நாம்.

இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. நாங்கள் அவன் வீட்டிற்குச் சென்று, அவன் தாயார் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை, காப்பி கொடுத்தார். மூன்றாம் ஞாயிறு வந்தான். இப்போது தட்டில் பொருள்களை அடுக்குபவன் அவனே. வெல்லம் மட்டும் வைப்பதில்லை.

அத்தாம்பாளம் மண்டப வாயிலில் மேசைமேல் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. உணவுக்குச் செல்லுமுன் பெற்றோர்களும் ஒரு நிமிடம் நின்று ஆடிப் பார்க்க வேண்டுகிறோம். தாளும் பென்சிலும் குழந்தைகளிடம் உள்ளன, திருத்துபவர்களும் அவர்களே.