நோயாளியின் நாள் கணக்கும் யந்திர ஜோசியமும்



ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒருவர் எத்தனை நாள் படுக்கையில் இருப்பார் என்பதைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறதாமே, இதுவும் ஒரு ஜோசியந்தானே என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள்.

ஜோசியமல்ல. ஜோசியன் நோயாளி பிறந்த நேரத்தைக் கேட்பானேயொழிய அவருடைய நாடியையோ ரத்தத்தையோ கேட்கமாட்டான். சொன்னது பலிக்காவிட்டால் கிரகத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தட்சணையோடு போய்விடுவான். யந்திரத்தின் சங்கதி வேறு. முன்பு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஆயிரக்கணக்கான பேருடைய வயது, வியாதி, ரத்தப் பரிசோதனை, எத்தனையாம் நாள் வீடு போனார்கள் என்கின்ற கணக்கையெல்லாம் அதற்குக் கொடுக்கிறார்கள். எது எதனோடு சேர்ந்து வருகிறதென்று அது எண்ணிப் பார்த்துக் கற்றுக்கொள்ளுகிறது. பிறகு, அதற்குக் காட்டாமல் தனியே எடுத்துவைத்த சில நோயாளிகளுக்கு நாள் சொல்லச் சொல்லி, நடந்ததோடு ஒத்துப் பார்க்கிறார்கள். எவ்வளவு தப்பியது என்பதும் எண்ணாகவே வந்துவிடும். எந்த ஜோசியனாவது இப்படிப் பரீட்சைக்கு உட்கார்ந்ததுண்டா?

இதனால் பிரயோஜனமும் உண்டு. எந்தப் படுக்கை எப்போது காலியாகும், எத்தனை சிப்பந்திகள் வேண்டும் என்பதை முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆனால் ஜோசியமல்ல என்பதாலேயே அதைக் கேள்வி கேட்கக்கூடாத வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 2017-ம் வருஷக் கடைசியில் இந்த வேலையை ஆரம்பித்தார்கள். சீக்கிரம் வீடு போகக்கூடியவர்கள் இன்னாரென்று தெரிந்தால், டாக்டர்கள் அவர்களை முதலில் கவனித்து அனுப்பிவிடலாம், செலவும் மிச்சம் என்பது உத்தேசம். முதலில் வைத்தியக் குறிப்புகளை மட்டும் கொடுத்தார்கள். பிறகு மற்ற விவரங்களையும் சேர்த்தபோது, நாள் கணக்கைச் சொல்ல மிகவும் உதவுகிற விவரங்களில் ஒன்று நோயாளி வசிக்கும் இடத்தின் தபால் எண் என்று தெரிந்தது!

வியாதிக்கும் தபால் எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? அதிக நாள் தங்கினவர்களின் தபால் எண்கள் ஏழைகளும், பெரும்பாலும் கருப்பு மக்களும் வசிக்கும் பகுதிகளுடையவை. சீக்கிரம் போனவர்களுடையவை வசதியான வெள்ளையர் பகுதிகள். ஏழைகள் வியாதி முற்றிய பிறகு வந்திருக்கலாம். வேண்டிய மருந்து அவர்களுக்குக் கிடைக்காமலிருந்திருக்கலாம். காரணம் யந்திரத்துக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் அதற்கில்லை. ஆனால் அந்தக் கணக்கின்படி நடந்தால் என்ன ஆகும்? சீக்கிரம் போகக்கூடியவருக்குத்தானே முதல் கவனிப்பு! ஆகவே வசதியானவரிடம் டாக்டர் முதலில் போவார். ஏழை காத்துக் கிடப்பான். காத்துக் கிடந்ததால் அவனுக்கு நாள் கூடும். கூடிய நாள் மறுபடியும் கணக்கில் ஏறும். அடுத்த தடவை யந்திரம், "பார்த்தீர்களா, நான் சொன்னது சரியாகப் போயிற்று" என்னும். இன்ன இடத்தில் பிறந்தவன் தலையில் இன்னபடி எழுதியிருக்கிறது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிரமனுடைய எழுத்துக்குப் பதில் தபால் இலாகா நம்பர், அவ்வளவுதான்.

அந்த ஆராய்ச்சிக்காரர்கள் யோக்கியர்கள். ஏன் இப்படி என்று கேட்டார்கள். தபால் எண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள்.

"நிறத்தையும் இடத்தையும் எடுத்துவிட்டால் சரியாய்ப் போய்விடுமே" என்று படித்தவர்கள் சமாதானம் சொல்லலாம். அதுவும் போதாது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில், தனிக் கவனிப்பு யாருக்கு வேண்டும் என்று பொறுக்குகிற வேறொரு கணக்கை ஸியாட் ஒபர்மையர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சோதித்து, 2019-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். அந்தக் கணக்கில் நிறமே சேர்க்கப்படவில்லை. ஆனால் யாருக்கு வியாதி அதிகம் என்று கணிப்பதற்குப் பதில், யாருக்குப் பணம் அதிகம் செலவாகும் என்று கணித்தார்கள். ஒரே அளவு வியாதியுள்ள வெள்ளையருக்குச் செலவிட்டதைவிடக் கருப்பருக்குக் குறைவாகவே செலவிட்டு வந்த தேசத்தில் இதன் பலன் என்னவாகும்? குறைவாகச் செலவிட்டதையே குறைந்த வியாதி என்று யந்திரம் எடுத்துக்கொண்டது. தனிக் கவனிப்புக்குத் தானாகவே பொறுக்கப்பட்டவர்களில் கருப்பர் 100-க்கு 17.7 பேர். அந்த வித்தியாசத்தை நீக்கிக் கணக்கிட்டால் 46.5 பேர்.